நாஞ்சில் நாட்டில் எழுத்துக்குக் காவல்

பழையாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டாரங்களே பழைய நாஞ்சில் நாடு. வயல் இருந்த இடத்தில் வழக்கும் இருந்தது. வழக்குக்கு எழுத்து வேண்டியிருந்தது. ஒற்றி, விலை, பாட்டம், அடிமை விற்பனை எல்லாமே பனையோலையில் எழுத்தாணியால் பதிந்தன. அந்த ஓலையைக் கறையானும் அயலாரும் தொடாமல் வைத்திருப்பது நிலத்தைக் காப்பதில் பாதி வேலை. வீட்டுக் கணினிக்குக் கடவுச்சொல் இடுவதும் கோப்புக்கு நகல் எடுப்பதும் அந்தக் கவலையின் இன்றைய வடிவம். கவலைப்பட வேண்டியவர் யார் என்பது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகள் இதற்கு நல்ல சான்று. நாஞ்சில் நாட்டு நிர்வாகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த குடும்பம் அது. நிலக் கைமாற்றம், அடிமை விற்பனை, நாட்டார் கூட்ட முடிவுகள் என்று பலவும் அந்த ஓலைகளில் உண்டு. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) அவற்றைத் தேடிப் படித்து, படியெடுத்து வெளியுலகுக்குக் காட்டினார். பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்து, ‘முதலியார் ஓலைகள்’ என்ற பெயரில் நூலாக்கினார். அரசின் ஆவணக் காப்பகத்தில் இல்லாமல் ஒரு வீட்டுப் பெட்டியில் இருந்ததால் அவை தப்பின என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் இருந்த ஓலைகள் அழிந்ததற்கும் அதே காரணம்தான்.

ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டு. இராமபாணப் பூச்சியும் ஈரமும் அதற்குள் வேலையை முடித்துவிடும். அதனால் ஓலைக்கு எண்ணெய் தடவினார்கள், அடுப்புப் புகை எட்டும் பரணில் வைத்தார்கள், சிதையத் தொடங்கிய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். பெயர்த்தெழுதுவதில் ஓர் ஆபத்தும் இருந்தது. எழுதுபவர் கையில் மூலமும் நகலும் ஒருசேர இருக்கும் அந்த ஒரு பொழுதில் ஓரெழுத்து மாறினால் ஒரு வயலே மாறிவிடும். சாட்சிகளின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் ஓலையின் முடிவில் சேர்த்தது வெறும் சடங்குக்காக அல்ல.

பூட்டு, சாட்சி, முத்திரை ஆகியவற்றுக்கு அப்பால் மறையெழுத்தும் இங்கே வழங்கியது. திருவிதாங்கூரின் தலைநகரமாகப் பத்மநாபபுரம் இருந்த 18ஆம் நூற்றாண்டில், மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசு வட்டத்தில் ‘மூலபத்ரி’ என்ற மறைமொழி புழங்கியதாக மரபு கூறுகிறது. அதன் அடிப்படை எளிது: எழுத்துகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றின் இடத்தில் மற்றதை வைப்பது. அ-வும் க-வும் ஓர் இணை. ச, ட ஓர் இணை. ஞ, ண இன்னொன்று. த-வுக்குப் ப, ந-வுக்கு ம. ‘பணம்’ என்பது ‘தஞந்’ ஆகிவிடும். பழகியவர்கள் இதைப் பேச்சிலேயே பயன்படுத்த முடியும். இது திருவிதாங்கூருக்கு மட்டும் உரியதன்று. காமசூத்திரம் எழுதிய வாத்ஸ்யாயனர் 64 கலைகளுள் ஒன்றாக மறையெழுத்தைச் சேர்த்திருக்கிறார். அவர் நூலுக்கு யசோதரர் எழுதிய உரையில் இதே இணைமுறை ‘மூலதேவீயம்’ என்ற பெயரில் வருகிறது.

இந்த முறையின் பலவீனம் வெளிப்படையானது. இணைகள் என்றும் மாறாதவை. ஒருவர் கற்றுக்கொண்டால் அதுவரை எழுதிய அத்தனையும் அவருக்குத் திறந்துவிடும். கற்காதவரும், எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தே உடைக்கலாம்; அந்த வழியைப் பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி விளக்கிவிட்டார். முறை எதிரிக்குத் தெரிந்தாலும் கேடில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற கொள்கையை ஆகஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் 1883இல் வகுத்தார். மடிக்கணினியின் வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் வசதி இன்று அந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது. அதன் செயல்முறையை யாரும் படிக்கலாம். கடவுச்சொல் மட்டும் உரியவரிடம் இருக்க வேண்டும்.

சாவி ஒருவரிடமே இருப்பதன் விளைவை நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகள் நன்றாக அறியும். சொத்து சகோதரியின் மக்களுக்குச் சேரும் மருமக்கள்வழி முறையில், குடும்பச் சொத்தைத் தலைவரான காரணவர் நிர்வகித்தார். பத்திரப் பெட்டி அவர் பொறுப்பு. சொத்தில் உரிமையுள்ள அனந்தரவர்கள் எந்த வயல் ஒற்றியில் இருக்கிறது, எது விற்றுப்போனது என்பதைப் பல வேளைகளில் அவர் சொல்லித்தான் அறிந்தார்கள். சில வேளைகளில் நீதிமன்றத்தில் அறிந்தார்கள். கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ இந்த ஏற்பாட்டின் அவலத்தை நகைச்சுவையோடு பாடியது. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி அந்த முறைக்கு முடிவு கட்டத் தொடங்கியது. ரகசியம் காப்பது வேறு, உரியவருக்கு மறைப்பது வேறு என்பதைச் சட்டத்தால் பிரிக்க வேண்டியிருந்தது.

சாதாரணக் குடும்பத்தின் எழுத்து வீட்டை விட்டு வெளியே பயணம் செய்யத் தொடங்கியது அஞ்சலால். திருவிதாங்கூர் அஞ்சல் முதலில் அரசு ஓலைகளையே சுமந்தது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பொதுமக்கள் கடிதங்களும் சேர்ந்தன. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரருக்கு வழி விட வேண்டும் என்பது விதி. 1888இல் சங்கு பொறித்த அஞ்சல் தலை வந்தது. 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணையும்வரை நாகர்கோவிலில் இந்தியத் தபாலும் அஞ்சலும் அடுத்தடுத்து இயங்கின. எழுத்தின் காவல் அஞ்சலோடுதான் முதன்முறையாக முகம் தெரியாத ஒருவரிடம் போனது. ஆனால் உறை கிழிந்திருந்தால் பெறுபவருக்குத் தெரியும். கணினிக் காலத்தில் இந்த ஒரு வசதி போய்விட்டது. பிரித்துப் படித்த தடம் மின்னஞ்சலில் இருக்காது.

1956 நவம்பர் 1 அன்று, நாஞ்சில் நாடு அடங்கிய குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருந்ததால், தன் வீட்டுப் பத்திரத்தைத் தானே படிக்க முடியாத தலைமுறை ஒன்று உருவானது. பெட்டி தம்மிடம் இருந்தும் உள்ளே இருப்பதை அறிய இன்னொருவரை நம்ப வேண்டிய நிலை அது. கணினி வந்தபோது அதே நிலை வேறு வடிவில் திரும்பியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். தொடங்கியது. நூற்றாண்டு மாறிய காலத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு அவை இன்றியமையாத இடமாயின. விசா நகல், பாஸ்போர்ட் நகல், யாஹூ மெசஞ்சர் அரட்டை எல்லாம் அங்கேதான். மின்னஞ்சல் கணக்கைக் கடைக்காரரே தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவது வழக்கம். பெரும்பாலும் அது வாடிக்கையாளரின் பெயராகவோ தொலைபேசி எண்ணாகவோ இருக்கும். கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்து போவது, ஸ்கேன் செய்த பாஸ்போர்ட்டை டெஸ்க்டாப்பிலேயே விட்டுச் செல்வது, ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று அழுத்துவது ஆகிய பழக்கங்கள் அந்த ஆண்டுகளில் ஊன்றின. இந்தியாவிலேயே எழுத்தறிவு மிக்க மாவட்டங்களில் ஒன்றில் (2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம்) இவை நடந்தன. எழுத்தறிவு வேறு, எழுத்துக் காவல் வேறு.

அரசு விழித்துக்கொண்டபோது நோக்கம் வேறாக இருந்தது. 2011 ஏப்ரலில் வந்த சைபர் கஃபே விதிகள் அடையாள அட்டை கேட்கச் சொல்லின. பயன்பாட்டுப் பதிவை ஓராண்டு வைத்திருக்கச் சொல்லின. தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் கணினித் திரை பொது இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். குற்றத்தைத் தடுக்க வந்த விதி, கடிதம் எழுதுபவரின் திரையைத் தெருவுக்குத் திருப்பியது. அதற்குள் கணினி வீட்டுக்கு நகரத் தொடங்கியிருந்தது.

இடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி கடற்கரைகளில் ஆட்களையும் வீடுகளையும் அள்ளிச் சென்றபோது ரேஷன் அட்டை, பத்திரம், படகு ஆவணம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்தே போயின. மூலமும் ஜெராக்ஸ் நகலும் ஒரே இரும்புப் பெட்டியில் இருந்தால் நகலால் பயனில்லை. கணினிக் கோப்புக்கும் கணக்கு இதுதான்: ஒரு நகல் வெளி வட்டில், இன்னொன்று வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருக்க வேண்டும். வெளி வட்டை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருப்பவருக்கு அது நகல் ஆகாது; கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும்.

வீட்டுக்கு வந்த கணினிகளில் பல, உதிரிபாகங்களை வாங்கிக் கோத்த ‘அசெம்பிள்டு’ வகை. உள்ளே கள்ள நகல் விண்டோஸ். அப்டேட்டை அனுமதித்தால் ‘அசல் அல்ல’ என்ற எச்சரிக்கை வரும் என்பதால், பொருத்தித் தந்தவரே அப்டேட்டை நிறுத்திவிடுவார். பிற்காலத் தொல்லைகளில் பெரும்பங்கு இந்த ஒரு செயலிலிருந்து கிளைத்தது. 2008 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அடைத்த ஓட்டை வழியாகவே அடுத்த மாதம் கான்ஃபிக்கர் என்ற தீநிரல் பரவியது. 2017 மார்ச்சில் அடைத்த ஓட்டை வழியாகவே மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னகிரை கிளம்பி, சுமார் 150 நாடுகளை எட்டியது. இரண்டு முறையும் மருந்து முதலில் வந்தது, நோய் பிறகு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்தும், கடைகளிலும் வீடுகளிலும் அது தொடர்ந்து ஓடியது.

இணைய இணைப்பே இல்லாத கணினிக்கும் தொற்று வந்தது, பென் டிரைவ் மூலம். வழி பழையதுதான்: 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ் ஃபிளாப்பி வழியாகவே உலகைச் சுற்றியது. ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களை வாங்கி வரும் பென் டிரைவ், ஜெராக்ஸ் கடைக் கணினியைத் தொட்டுவிட்டு வீட்டுக் கணினிக்கு வரும். செருகியவுடன் தானே இயங்கும் ஆட்டோரன் வசதியை 2011 பிப்ரவரியில் ஒரு அப்டேட் முடக்கியது. அப்டேட் நிறுத்தப்பட்ட கணினிகளுக்கு அதுவும் போய்ச் சேரவில்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழங்கிய அந்த மடிக்கணினிகள், அரசுப் பள்ளிகளோடு உதவிபெறும் பள்ளிகளும் நிறைந்த குமரி மாவட்டத்தில் ஏராளமான வீடுகளுக்கு முதல் கணினியாக வந்தன. மாணவருக்கு வந்தது வீட்டுக்கே பொதுவானது. அனைவரும் ஒரே பயனர் கணக்கில், அதுவும் எதையும் நிறுவ அனுமதியுள்ள நிர்வாகிக் கணக்கில் நுழைந்தார்கள். விளையாட்டை இறக்கிய தம்பியின் கவனக்குறைவு அக்காளின் விண்ணப்பக் கோப்பை அழித்தது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, நிறுவும் உரிமை ஒரு கணக்குக்கு மட்டும் என்று பிரிப்பது சில நிமிட வேலை. அதைச் சொல்லித் தர ஆளில்லாமல் போனதே குறை.

மாவட்ட எல்லைக்குச் சற்றுக் கிழக்கே, கூடங்குளத்தில் 2019இல் நடந்தது இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய பாடம். அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பது அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்பால் கவனத்துக்கு வந்ததாக, அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முந்தைய நாள்வரை நிலையத்தின் பதில் மறுப்பாகவே இருந்தது. தொற்றிய கணினி நிர்வாக வேலைக்கான இணைய வலையில் இருந்தது. உலையை இயக்கும் உள்வலை அதிலிருந்து முற்றிலும் பிரிந்திருந்ததால் அங்கே எட்டவில்லை என்று கழகம் விளக்கியது. காப்பாற்றியது அந்தப் பிரிவினை. வீட்டு அளவிலும் அதைச் செய்யலாம்: வங்கிக் கணக்குக்கு ஒரு மின்னஞ்சல், கண்ட தளங்களில் பதிவு செய்ய வேறொன்று, வீட்டாருக்கு ஒரு வை-ஃபை, விருந்தினருக்கு வேறொன்று, ரூட்டரோடு வந்த ‘அட்மின்’ கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவது.

2009 ஆகஸ்ட் முதல் இணைய அட்டைப் பரிமாற்றத்துக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஒருமுறை மட்டும் பயன்படும் ஓடிபி எண் எங்கும் பரவியபின் திருடர்கள் கணினியை உடைப்பதை விட்டு ஆளை உடைக்கத் தொடங்கினார்கள். வங்கி அதிகாரி, கூரியர்காரர், காவல் அதிகாரி என்று குரல் மாற்றிப் பேசினால் எண்ணைக் கேட்டே வாங்கிவிடலாம். பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் இதற்கு எளிய இலக்கு. வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை ‘பழுது பார்க்க’ என்று சொல்லி நிறுவ வைப்பது அதன் அடுத்த படி. தாமாக அழைக்காத எவருக்கும் திரையைத் திறந்துவிடக் கூடாது.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் தகவல் கிடைத்தால் வங்கிகளால் அதை முடக்க முடிகிறது. தேசிய சைபர் குற்றத் தளத்திலும் முறையிடலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவைக் காக்கும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. நிறுவனங்கள் சேர்த்து வைத்திருக்கும் தரவுக்கே அந்தச் சட்டம் பொறுப்பாளர்களை வைக்கிறது. வீட்டு மேசையில் இருக்கும் கணினி அதன் வரம்புக்குள் வராது.