சோஜிலா கணவாயும் ஜீப் வண்டியும்

கோடை விடுமுறை பிறந்தால் தில்லியிலுள்ள நம் காலனியிலிருந்து யாரேனும் ஒரு குடும்பத்தினர் லடாக்கிற்குப் புறப்பட்டுவிடுகின்றனர். நான்கு சக்கரங்களும் உந்திச் செல்லும் வண்டியொன்று கிடைத்துவிட்டால் மலையும் ஆறும் தாமே வழிவிடும் என்ற துணிவே அவர்களிடம் மிகுந்திருக்கக் காண்கிறேன். அடியேனும் ஒருகால் அவ்வாறே எண்ணியவன்தான். வண்டியின் வலிமை ஒன்று. வழியின் இயல்பு வேறொன்று. அவ்வழியின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்தவர்க்கே பயணத் திட்டம் செம்மையாக அமையும் என்பது என் துணிபு.

சீநகரிலிருந்து லே நகர் வரையுள்ள பாதை மிகப் பழமையானது. யார்க்கந்திலிருந்து வந்த வணிகச் சாத்துகள் லே நகரில் தங்கி, மட்டக் குதிரைகளில் சுமையேற்றி, இவ்வழியாகவே காசுமீரத்தை அடைந்தன. பயணம் பல நாள் நடையாக வகுக்கப்பட்டிருந்தது. இடையில் நிற்கும் சோஜிலா கணவாயின் உயரம் ஏறத்தாழ 11,500 அடி. எனினும் அதனைவிட உயர்ந்த போட்டுலாவைக் காட்டிலும் வழிப்போக்கர் அஞ்சியது இதனையே. காரணம், இங்கே கொட்டும் பனியின் மிகுதி. ஆதலின் வசந்த காலத்தில் சாத்துக்காரர்கள் இருட்டிலேயே எழுந்து, இரவுக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும்போதே கணவாயைக் கடந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் பனி இளகிக் குதிரையின் கால் புதையும். மேலிருந்து பனிச்சரிவும் வரும். கடிகாரம் இல்லாத அம்மக்கள் காலத்தைக் கணித்த திறம் வியக்கத்தக்கது.

இனி வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், சேற்றிலும் மேட்டிலும் செல்லத்தக்க சிறு வண்டியொன்று வேண்டுமெனத் தொழிற்சாலைகளுக்கு அறிவித்தது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த தவணை 49 நாள்! பாண்டம் என்னும் சிறிய கம்பெனி அவ்வாண்டு செப்டம்பரில் அதனை முடித்துக் காட்டிற்று. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய பெரிய கம்பெனிகள் இலட்சக்கணக்கில் செய்து குவித்தன. அதன் நுட்பம் எளியது. எஞ்சினின் ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரப் பெட்டி ஒன்று. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தாழ்ந்த கியர் ஒன்று. போர் ஓய்ந்த சில ஆண்டுகளில் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கலாயினர். அதன் பிறகு கலெக்டரின் சுற்றுப்பயணமும் தேர்தல் பிரசாரமும் ஜீப் இன்றி நடந்ததுண்டோ?

1948இல் சோஜிலா பகைவர் வசமாயிற்று. லே நகருக்கு ஆபத்து நெருங்கியது. செப்டம்பரில் நம் படை தொடுத்த தாக்குதல்கள் பலிக்கவில்லை. அப்போது படைத்தலைவர் திம்மையா, கணவாய்க்கு டாங்கிகளையே ஏற்றுவது என்று முடிவு செய்தார். ஆனால் பால்தாலிலிருந்து மேலே சென்றது கோவேறு கழுதை செல்லும் ஒற்றையடித் தடமே. அதனை வெட்டி அகலப்படுத்தி, ஜீப்பும் டாங்கியும் ஏறும் பாதையாக ஆக்கும் பணி மதராஸ் சாப்பர்கள் தலையில் விழுந்தது. 1780இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இப்பொறியாளர் படையினரை, இராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம். பனியையே கண்டறியாத தென்னாட்டுப் பிள்ளைகள், பகைவரின் குண்டுக்கும் குளிருக்கும் நடுவே பாறையை உடைத்தனர். சுழல் மேடைகள் கழற்றப்பட்டு இரகசியமாகக் கொண்டுவரப்பட்ட ஏழாவது இலகு குதிரைப் படையின் டாங்கிகள், நவம்பர் 1ஆம் தேதி பனிப்பொழிவினூடே அப்பாதையில் ஏறின. அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் போரிட்டது உலகில் அதுவே முதன்முறை என்பர். அம்மாதத்திலேயே திராசும் கார்கிலும் மீட்கப்பட்டன. இச்செய்தி நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ஒரு வரியேனும் இடம்பெற்றிருக்கலாம்!

1960இல் எல்லைச் சாலை அமைப்பு தோன்றிய பின்னர் இவ்வழி படிப்படியாக மோட்டார் சாலையாயிற்று. 1974இல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் கணவாயில் ஒருவழிப் போக்குவரத்தே நடந்தது. ஒரு புறத்து வண்டிகள் கடந்த பின்னரே மறுபுறத்தாரை விடுவார்கள். ஆகவே முதல்நாள் இரவே சோனாமர்க்கில் தங்குவது திட்டத்தின் முதற்படியாக இருந்தது.

1996ஆம் ஆண்டு கோடையில் நாங்கள் புறப்பட்டபோது, எங்கள் அடுத்த வீட்டில் இருந்த சாப்பர் படை ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரிடம் யோசனை கேட்டேன். “தம்பி, கார்கிலில் ஓர் இரவு, லேயில் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடங்கள்; உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். சேற்றில் மாட்டிய பிறகு முன் சக்கரத்தைப் பூட்டாதீர்கள்; இறங்கும் முன்பே பூட்டுங்கள். ஓடை குறுக்கிட்டால் முதலில் கால் இறங்கட்டும், பிறகு வண்டி இறங்கட்டும். நண்பகலுக்கு மேல் எந்த ஓடையையும் நம்பாதீர்கள்” என்றார். முதல் மூன்றையும் கேட்டேன். நண்பர் ஒருவரின் பழைய மகிந்திரா ஜீப் எங்களைக் குறைவின்றி லே சேர்த்தது.

அங்கிருந்து அனுமதிச் சீட்டுப் பெற்று, 17,000 அடிக்கும் மேலான சாங்லாவைக் கடந்து பாங்காங் ஏரிக்குச் சென்றோம். நீலம், பச்சை, ஊதா என நொடிக்கொரு நிறம் காட்டும் அந்நீர்ப்பரப்பை விட்டு வர எவருக்கு மனம் வரும்? குழந்தைகள் கூழாங்கல் பொறுக்கினர். என் மனைவி கட்டிவந்த புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்தாள். புறப்பட்டபோது மணி மூன்று. வழியில் ‘பாகல் நாலா’, அதாவது பைத்திய ஓடை, என்றே பெயர் பெற்ற நீரோடை ஒன்று உண்டு. காலையில் சக்கரம் மட்டும் நனையக் கடந்து வந்திருந்தோம். மாலையிலோ பகலெல்லாம் உருகிய பனிநீர் கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் இறங்கி நடந்து பாராமல் வண்டியைச் செலுத்தினேன். பாதியில் நீர் எஞ்சினுக்குள் புகுந்து வண்டி நின்றது. பிள்ளைகளைத் தோளில் சுமந்து கரை சேர்த்தேன்.

பின்னால் வந்த இராணுவ லாரி ஜீப்பைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவிட்டது. ஆனால் எஞ்சின் உயிர் பெறவில்லை. 14,000 அடி உயரத்தில், நனைந்த துணியோடு, வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தோம். மூத்த மகனுக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டு மூச்சு வேகமாக வாங்கிற்று. அவன் மார்பில் கை வைத்தபடியே நானும் அவன் தாயும் விடியும்வரை விழித்திருந்தோம். ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

விடிந்ததும் அவனுக்குச் சற்றுத் தெளிந்தது. எஞ்சினின் தீப்பொறிக் கட்டைகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ஓடை கணுக்கால் அளவு நீரோடு, ஒன்றும் அறியாதது போல் ஓடிக்கொண்டிருந்தது. மேய்ப்பன் ஒருவன் தன் ஆட்டு மந்தையை அதில் இறக்கி, சாவகாசமாகக் கடந்து போனான்.