நீர்க்கட்டிப் புழுவும் இரத்தப் பரிசோதனையும்

கல்லீரலில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்திருக்கும். ஆனால் அதைச் சுமப்பவருக்குப் பல ஆண்டுகள் ஒன்றுமே தெரியாது. நாயின் குடலில் வாழும் எக்கைனோகாக்கஸ் என்ற சின்னஞ்சிறு நாடாப்புழுவின் முட்டை மனிதன் வயிற்றுக்குள் போவதால் வருவது இந்த நோய். ஹைடாடிட் என்பார்கள். ஆடு மேய்க்கும் நாடுகள் பலவற்றில் இது உண்டு.

ஊசியால் குத்திப் பார்த்துவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து. உள்ளிருக்கும் நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமையால் உயிரே போகலாம். சிந்திய இடத்தில் புதுக் கட்டிகளும் முளைக்கும். ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில் மருத்துவர்கள் இரத்தத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

1906-இல் இத்தாலியரான கெதினி இதற்கு முதல் வழியைக் காட்டினார். அதே ஆண்டில் வாசர்மன் மேகநோய்க்குப் பயன்படுத்திய அதே முறைதான். நோயாளியின் சீரத்தோடு கட்டியின் நீரைச் சேர்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால், கலவையில் உள்ள 'காம்ப்ளிமென்ட்' செலவாகிவிடும். பிறகு விடும் சிவப்பணுக்கள் உடையாமல் மிஞ்சும்.

சில ஆண்டுகளில் கசோனி இதைவிட எளிய வழியைச் சொன்னார். கட்டி நீரைத் தோலுக்குள் ஊசியாகப் போட்டு, வீங்குகிறதா என்று பார்ப்பது. இது இரத்தப் பரிசோதனை அல்ல. ஆனாலும் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. உண்மையில் அதற்கு அந்தப் பெயர் தகாது. நோய் இல்லாதவர்களுக்கும் வீங்கியது. போதாததற்கு, போட்ட ஊசியே எதிர்ப்பொருளை உண்டாக்கி, பின்னால் செய்யும் இரத்தப் பரிசோதனையையும் கெடுத்தது!

கோளாறு எல்லாம் அந்த நீரில்தான். கசாப்புக் கூடத்து ஆட்டு ஈரலிலிருந்து எடுத்தது என்பதால் ஆட்டின் புரதங்களும் அதில் கலந்திருந்தன. புழுவின் புரதங்களிலும் சில மற்றப் புழுக்களுக்கும் பொதுவானவை. எனவே எந்தப் புரதம் இந்தப் புழுவுக்கே உரியது என்று தேடத் தொடங்கினார்கள். 1967-இல் பிரான்சில் காப்ரோன் குழுவினர், ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தபோது தெரிந்த ஐந்தாவது வளைகோட்டை இந்த நோயின் அடையாளம் என்றனர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பன்றி நாடாப்புழுவின் கட்டி உள்ளவர்களிடமும் அதே கோடு தோன்றியது 1978-இல் தெரியவந்தது.

1971-இல் ஸ்வீடனில் பிறந்த எலிசா முறை மிகக் குறைந்த எதிர்ப்பொருளையும் காட்டியது. 'ஆன்டிஜன் பி' என்ற புரதத்தைத் தனியே பிரித்துப் பயன்படுத்தியதும் உதவியது. ஆனாலும் உறை கெட்டியாக உள்ள கட்டி எதையும் வெளியே விடுவதில்லை. உடல் அதை அறியாது, எதிர்ப்பொருளும் உண்டாகாது. நுரையீரல் கட்டிகளில் இந்தத் தொல்லை அதிகம்.

1981-இல் துனிசியாவின் கார்பி, அல்ட்ராசவுண்ட் படத்தைக் கொண்டே கட்டிகளை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார். அதன்பின் படம் முதலிடம் பிடித்தது. இரத்தப் பரிசோதனை அதை உறுதிசெய்யும் துணையானது. கட்டியை அகற்றிய பிறகும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் இரத்தத்தில் தங்கிவிடுகிறது. அதனால் நோயாளி குணமாகிவிட்டாரா என்று அறிய, இன்றும் ஸ்கேனைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.