தொடுதிரையும் பௌதிகக் கல்வியும்

கண்ணுக்கு எட்டாத விரைவில் நிகழ்வதைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டுமாறு செய்தலே பௌதிகப் பரிசோதனையின் தொடக்கம் எனலாம். நேரே விழும் பொருளின் வேகத்தை அக்காலக் கருவிகளால் அளத்தல் அரிதாகலின், கலிலியோ சாய்ந்த பலகையில் வெண்கலக் குண்டை உருளவிட்டு, ஒழுகிய நீரின் நிறையாற் காலத்தைக் கணித்தார். சென்ற தூரம் காலத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும் என்னும் அவர்தம் முடிபு 1638ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

இன்று இளமாணாக்கர் தொடுதிரையிற் செய்யும் பாவனைப் பரிசோதனைகளும் இம்மரபின் வழிவந்தனவே. இங்கிலாந்தின் மல்வேர்னில் ஈ. ஏ. ஜோன்சன் 1965இல் விவரித்த தொடுதிரை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை நோக்கியது. 1972இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் ‘பிளேற்றோ’ என்னும் கணினித் தொகுதி அத்தகைய திரையைக் கல்விக்குக் கொணர்ந்தது. மாணாக்கர் விரலாற் சுட்டி விடையளித்தனர்.

2001இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான கார்ல் வீமன், அடுத்த ஆண்டிற் கொலராடோப் பல்கலைக்கழகத்திற் பாவனைப் பரிசோதனைகளை ஆக்கும் பணியைத் தொடங்கினார். அங்கு நிகழ்ந்த ஆய்வொன்று 2005இல் வெளியாயிற்று. மின்குமிழ்களையும் கம்பிகளையும் கையாண்ட மாணாக்கரைவிட, கணினியில் மின்சுற்றமைத்துப் பயின்றோர், கருத்து விளக்கத்தில் மட்டுமன்றி, உண்மைச் சுற்றை அமைப்பதிலும் மேம்பட்டனர். கம்பியினுள்ளே காணவியலாத இலத்திரனின் ஓட்டத்தைத் திரை காட்டியமை இதற்கொரு காரணமாகலாம். அப்போது சுட்டி கொண்டே அவை இயக்கப்பட்டன. 2010இல் ‘ஐபாட்’ வந்தபின், விரலால் இயக்கத்தக்கனவாகப் படிப்படியாக மாற்றப்பட்டன.

அவ்வாறாயின் ஆய்கூடத்தைப் பூட்டிவிடலாமோ? ஆகாது. திரையில் உராய்வைச் சுழியாக்கலாம். காரணங்களுள் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை நோக்கலாம். இது பெரும் பேறே. எனினும், ஆக்கியோன் எழுதிய விதிகளையன்றிப் பிறிதொன்றையும் அத்திரை அறியாது. இயற்கையோ நாம் எதிர்பாராத விடையையும் தரும். துருவேறிய கம்பியும் வளைந்த பலகையும் கற்பிப்பதைத் திரை கற்பிக்காது.

ஆகவே, மாணாக்கன் முதலில் திரையிற் குண்டை உருட்டுக. பின்னர் மரப்பலகையில் உருட்டுக. இரண்டும் வேறுபடுமிடத்து, ‘ஏன்?’ என வினவுவானாயின், கலிலியோவின் மாணாக்கன் அவனே.