ஆகாயம் பெரிது, ரன்வே சிறிது

ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தை கேட்பார்: "ஏம்ப்பா, அம்புட்டுப் பெரிய ஆகாசத்துல ரெண்டு ஏரோப்ளேன் எப்படிப்பா மோதிக்கும்?" நியாயமான கேள்விதான். ஆகாயம் பெரிது, ரன்வே சிறிது. எந்தத் திசையிலிருந்து கிளம்பி வந்தாலும் கடைசியில் எல்லோரும் சில ஆயிரம் அடி நீளமுள்ள அதே தார்ப்பட்டைக்குத்தான் வந்து சேர வேண்டும். அதனால்தான் சிறு விமானங்கள் மோதிக்கொள்வது பெரும்பாலும் விமான நிலையத்தை ஒட்டியே நடக்கிறது. அதுவும் மேகமில்லாத பகலில்.

சான் டியேகோவில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். புதிதாக வருகிற மாணவரிடம் இறக்கை, எஞ்சின் என்று ஆரம்பிப்பதற்கு முன்பே இந்தப் பழைய கதைகளைச் சொல்லிவிடுவேன். விதியின் பின்னால் இருக்கும் சாவு தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் பண்ணியவர், அவசரம் என்று வந்தால் முதலில் கைவிடுவது அந்த விதியைத்தான்.

ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட நிறையவில்லை. 1910 அக்டோபரில் மிலான் நகரில் ஒரு விமானக் காட்சி. பிரிட்டிஷ் கேப்டன் பெர்ட்ராம் டிக்சன் ஓட்டிய ஃபார்மன் விமானத்தின் மேல், உயரத்திலிருந்து இறங்கிய ரெனே தோமாவின் ஆன்த்வானெத் வந்து விழுந்தது. நடுவானில் இரண்டு விமானங்கள் மோதியதாகப் பதிவான முதல் சம்பவம் அது. இருவரும் பிழைத்தார்கள். டிக்சனுக்குப் பலத்த காயம். 1914-ல் இண்டியானாபோலிஸ் 500 கார்ப் பந்தயத்தை வென்றவர் இதே தோமாதான். மேலே இருப்பவருக்குத் தன் வயிற்றுக்கு அடியில் இருப்பது தெரியாது, கீழே இருப்பவருக்குத் தன் தலைக்கு மேல் இருப்பது தெரியாது. அன்றிருந்த இந்தக் குறை இன்றும் தீரவில்லை. நாங்கள் ஓட்டும் செஸ்னாவுக்கு இறக்கை மேலே, பைப்பருக்குக் கீழே. இறங்கும்போது பைப்பர் மேலேயும் செஸ்னா கீழேயும் அமைந்துவிட்டால் இரண்டு விமானிகளின் பார்வையையும் அவரவர் இறக்கையே மறைத்துவிடும்.

1922 ஏப்ரலில் வடக்கு பிரான்சில், லண்டன்–பாரிஸ் வழியில், தபால் ஏற்றிவந்த டி ஹாவிலாண்டும் பயணிகளோடு வந்த ஃபார்மன் கோலியாத்தும் மூடுபனியில் நேருக்கு நேர் மோதின. இரண்டிலும் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதன்பின் குரோய்டனில் கூடிய விமானக் கம்பெனிகள், வலப்பக்கம் ஒதுங்கிப் பறப்பதை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும் என்று கேட்டன.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆர்ச்சி லீக். 1929-ல் செயின்ட் லூயிஸ் நகர விமானத் திடலில் அவரை வேலைக்கு வைத்தார்கள். தினமும் ஒரு தள்ளுவண்டியில் மடக்கு நாற்காலி, கடற்கரைக் குடை, சாப்பாடு, தண்ணீர், குறிப்பேடு, இரண்டு கொடிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓடுபாதையின் முனைக்குப் போய் உட்காருவார். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் வரலாம், போகலாம். சிவப்புக் கொடி என்றால் நில். குளிர்காலத்தில் கனத்த பறப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் இருப்பார். அமெரிக்காவின் முதல் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே கிளீவ்லாந்தில் ரேடியோ வைத்த கோபுரம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தள்ளுவண்டிக்கு நான் மனதார வணக்கம் வைக்கிறேன். வருகிற எல்லோரையும் பார்க்க ஒரே ஆள், எல்லோரும் பார்க்க ஒரே இடம் என்ற ஏற்பாடு அங்கேதான் தொடங்கியது.

கோபுரம் இல்லாத திடல்களுக்கு அந்த ஒரே இடம் எது? அதற்குத்தான் சர்க்யூட் என்னும் சுற்றுப்பாதை. ரன்வேயை ஒரு பக்கமாக வைத்து, தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில், நீள்சதுரமாக ஒரு கற்பனைப் பாதை. ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் போகும் பகுதி டவுன்விண்ட். அதிலிருந்து திரும்பினால் பேஸ். இன்னொரு திருப்பத்தில் ஃபைனல். கோயில் பிரகாரத்தில் நாம் வலம் வருகிறோம், விமானிகள் பொதுவாக இடம் வருகிறார்கள். தலைமை விமானியின் இருக்கை இடப்பக்கம் இருப்பதால், இடப்புறம் திரும்பினால் ரன்வே அவர் ஜன்னலிலேயே தெரியும். மலையோ குடியிருப்போ தடுத்தால் வலப்புறச் சுற்று. அதைத் தரையில் காற்றுப்பைக்குப் பக்கத்தில் 'எல்' வடிவப் பட்டைகளால் குறித்திருப்பார்கள். டவுன்விண்டின் நடுப்பகுதியை நோக்கி 45 டிகிரி கோணத்தில் வந்து சேர வேண்டும். புதிதாக வருபவர் எங்கே இருப்பார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும், உள்ளே இருப்பவர் எங்கே இருப்பார் என்று வருபவருக்கும் தெரியும்.

ரேடாரும் ரேடியோவும் வந்தபின் கண்ணுக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு நான் 1978 செப்டம்பர் 25-ஐச் சொல்வேன். அன்று காலை செஸ்னா 172 ஒன்று, நான் மாணவர்களோடு கிளம்பும் இதே மாண்ட்கோமரி ஃபீல்டிலிருந்து புறப்பட்டது. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் பயிற்சி. அதற்கான ஐ.எல்.எஸ். சாதனம் அப்போது இந்த வட்டாரத்தில் பெரிய விமானங்கள் இறங்கும் லிண்ட்பெர்க் ஃபீல்டில்தான் இருந்தது. இறங்குவதுபோல வந்து, இறங்காமல் ஏறி, கிழக்கே போய்க்கொண்டிருந்தது செஸ்னா. சாக்ரமெண்டோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாக வந்த பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 அதே கிழக்குத் திசையில், டவுன்விண்டில், பின்னாலிருந்து இறங்கிக்கொண்டு வந்தது. வானம் தெளிவாக இருந்தது.

செஸ்னா எதிரே இருப்பதைக் கட்டுப்பாட்டாளர் சொன்னார். தெரிகிறது என்று போயிங்கிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலோடு, விலகியிருக்கும் பொறுப்பு முழுவதும் விமானிகளின் கண்ணுக்கு மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கோபுரம் மறுபடி சொன்னது: நேர் எதிரே, ஒரு மைல், செஸ்னா. விமானியறை ஒலிப்பதிவில் அடுத்து இருப்பது தடுமாற்றம். இப்போதுதான் பார்த்தோம், இப்போது காணோம், நமக்கு வலப்பக்கமாகப் போயிருக்கும், தாண்டிவிட்டோமா, தாண்டியிருக்க வேண்டும். காணோம் என்பது ரேடியோவில் அழுத்தமாகப் போகவில்லை. செஸ்னா போயிங்கின் மூக்குக்குக் கீழே, வீட்டுக் கூரைகளின் நிறங்களோடு நிறமாக, ஏறிக்கொண்டிருந்தது. தனக்குத் தரப்பட்ட திசையிலிருந்து அது சற்று விலகியும் இருந்தது. மோதலுக்கு 19 வினாடிகள் முன்னால் ரேடார் அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. அங்கே அது அடிக்கடி அடிக்கிற மணி. விமானிகள்தான் பார்த்துவிட்டார்களே என்று யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

சுமார் 2600 அடியில் மோதின. போயிங் நார்த் பார்க் வீடுகளின் மேல் விழுந்தது. அதிலிருந்த 135 பேர், செஸ்னாவில் இருவர், தரையில் ஏழு பேர். மொத்தம் 144. வலது இறக்கை எரிய அந்த விமானம் சரிந்துகொண்டிருக்கும் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். நான் மாணவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டுவதில்லை. ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைப் படிக்கக் கொடுப்பேன். தேர்ந்த விமானிகள் அவர்கள். "காணோம்" என்ற ஒரு சொல்லை உடனே, உரக்கச் சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது. அதனால் என் விமானத்தில் ஒரு கண்டிப்பு உண்டு: தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லக் கூடாது, தெரிந்தது மறைந்தால் அந்த நொடியே சொல்ல வேண்டும்.

1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் செரிட்டோஸ் நகருக்கு மேல் ஏரோமெக்சிகோவின் டி.சி.-9 மீது அனுமதியில்லாமல் அந்த வான்பகுதிக்குள் வந்துவிட்ட ஒரு பைப்பர் மோதி, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி பைப்பரில் இருந்தது, ஆனால் அது உயரத்தைச் சொல்லும் வகையைச் சேர்ந்ததல்ல. அதன்பிறகுதான் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறப்பவர்கள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும், பயணிகள் விமானங்களுக்கு டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயின.

கண் ஏன் இப்படிக் கைவிடுகிறது? மோதும் பாதையில் வரும் விமானம் முன் கண்ணாடியில் நகராது. அழுக்குப் புள்ளிபோல ஒரே இடத்தில் நிற்கும். கடைசிச் சில வினாடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். அமெரிக்க அரசின் கணக்குப்படி, ஒன்றைப் பார்த்து, அது விமானம் என்று புரிந்து, மோதும் என்று தீர்மானித்து, கையை அசைத்து, விமானம் விலகுவதற்கு 12.5 வினாடிகள் வேண்டும். ஜன்னல் சட்டம் மறைக்கும் பகுதிக்குள் அது நின்றுவிட்டால் அந்த வாய்ப்பும் கிடையாது. ஆகவே தலையை முன்னும் பின்னும் நகர்த்தி, வானத்தைப் பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வினாடியாவது கண்ணை நிறுத்தப் பழக்குகிறோம். 1991-ல் ஆஸ்திரேலியாவின் விமான விபத்துப் புலனாய்வுத் துறை வெளியிட்ட அறிக்கை இந்தக் கண்காணிப்பின் குறைகளை வரிசையாக எடுத்து வைத்தது. அதில் நான் பிடித்துக்கொண்டது ஒன்று: எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து தேடுகிற கண், தெரியாமல் தேடுகிற கண்ணைவிட எட்டு மடங்கு பயன் தரும். சுற்றுப்பாதையின் மேல் எனக்கு இருக்கும் பிடிவாதம் இதனால்தான். எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

2020 முதல் பெரிய நிலையங்களைச் சுற்றிப் பறக்கும் சிறு விமானங்களும் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பிக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் பறப்பவர்கள் எங்கள் டேப்லெட்டில் தெரிகிறார்கள். நல்ல உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், கோபுரம் இல்லாத திடலில், ஒரு செஸ்னா 152 சுற்றுப்பாதையில் முறையாக வந்துகொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று சுற்றுக்குள் வராமல், தூரத்திலிருந்து நேரே ஃபைனலில், இறங்கும் வேகத்தைவிட மிக அதிக வேகத்தில் வந்தது. இருவருமே ரேடியோவில் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் வருபவரின் வேகத்தைக் கண்டு, இறங்காமல் மேலே போகிறேன் என்று சின்ன விமானம் சொல்லி முடிப்பதற்குள் மோதிவிட்டன. மூன்று பேர் இறந்தார்கள்.

நேரே வந்து இறங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சுற்றில் யாராவது இருக்கும்போது என் மாணவர்கள் அப்படி இறங்க நான் விடுவதில்லை. சுற்றி வந்தால் மூன்று நான்கு நிமிஷம் கூடும், கொஞ்சம் பெட்ரோல் செலவாகும். அதை மிச்சம் பிடிக்க நினைக்கிற மாணவரைத் தனியாகப் பறக்க அனுப்பும் தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.