கத்திப் பிடிக்கு ரெசின்: எதை வாங்கணும், எப்படி ஊத்தணும்?

கீ-செயின், போட்டோ ஃப்ரேம்னு ரெசின் ஆர்ட் எல்லா ஊருக்கும் வந்தாச்சு. அடுத்த ஆசை, கையால் செஞ்ச கத்திக்குக் கலர் ரெசினில் ஒரு பிடி. ஆனா, கீ-செயினுக்கு வாங்கின ரெசினையே இதுக்கும் ஊத்தினா சரிவராது. வெட்டும்போது பிடி விரிசல் விட்டா காயம் நம்ம கைக்குத்தான்.

ரெசின் நமக்குப் புதுசும் இல்லை. கத்தியின் வால் பகுதியை மரப்பிடிக்குள் இறுக்க, பட்டறைகளில் அரக்கை உருக்கி ஊற்றுவது பழைய வழக்கம். அரக்கும் இயற்கை ரெசின்தான்!

எதை வாங்கலாம்?

* எபாக்ஸி: வீட்டில் செய்ய இதுதான் பெஸ்ட். சுருக்கம் குறைவு, மரத்தோடு நல்லா ஒட்டும். 'டேபிள் டாப்' ரகம் சில மில்லிமீட்டர் பூச்சுக்கு மட்டுமே. பிடிக்கு 25-30 மி.மீ. கனம் வேணும் என்பதால், மெதுவாக இறுகும் 'காஸ்டிங்' ரகத்தை வாங்குங்க.
* பாலியெஸ்டர்: ஃபைபர் படகு செய்யும் ரகம். விலை குறைவு. ஆனா, வாடை அதிகம். சுருங்கும், அடிபட்டால் உடையும்.
* பாலியூரித்தேன்: சில நிமிஷங்களில் இறுகிடும். ஈரம் பட்டால் நுரைக்கும். புதுசா செய்றவங்க தவிர்க்கலாம்.

வெயிலைக் கவனிங்க

வல்லத்திராக்கோட்டை மாதிரி வெயில் ஊர்களில் இது முக்கியம். வெப்பம் 10 டிகிரி கூடினால், கலந்த எபாக்ஸி கையாளக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிடும். 25 டிகிரியில் 40 நிமிஷம்னா, 35-ல் 20 நிமிஷம்தான். மொத்தமாகக் கலந்து கப்பிலேயே வெச்சிருந்தா சூடேறி புகையும். அதனால, அதிகாலையில் வேலையை முடிச்சிடுங்க.

ஊத்துற முறை

1. ஆலங்குடி பக்கம் கிடைக்கிற பலா மரத்துண்டை நடுவில் வெச்சா மஞ்சள் நிறம் அழகா எடுக்கும். மரம் நல்லா காய்ஞ்சிருக்கணும். ஈரம் இருந்தா குமிழி வரும்.
2. அச்சுக்கு சிலிகான் அல்லது பாலிப்ரொப்பிலீன் டப்பா போதும்; அதில் எபாக்ஸி ஒட்டாது.
3. 13x4x3 செ.மீ. கட்டைக்கு 156 மி.லி. வேணும். அதாவது சுமார் 170 கிராம். மரம் அடைக்கிற இடத்தைக் கழிச்சுக்கலாம்.
4. ரெசின், ஹார்டனர் விகிதம் எடைக்கா, அளவுக்கானு லேபிளில் பாருங்க. ரெண்டும் ஒண்ணு இல்லை. சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரைக் கூட்டினா, பிடி பிசுபிசுன்னே நின்னுடும்.
5. ஓரத்தையும் அடியையும் வழிச்சு, மெதுவா 3-5 நிமிஷம் கலக்குங்க. மெல்லிய இழையா ஊத்துங்க.
6. லேபிளில் சொன்ன நேரம் வரை அச்சைத் தொடாதீங்க. முழு உறுதி வர ஒரு வாரம் ஆகலாம். அதுக்கப்புறம் அறுங்க.

மறக்கக் கூடாதவை

இறுகாத எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வரலாம். ஒருமுறை வந்தா எளிதில் போகாது. நைட்ரைல் கையுறை கட்டாயம். தேய்க்கும்போது தூசுக்கு மாஸ்க் போடுங்க.

வீட்டில் இறுகும் எபாக்ஸி பல, 50-60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் கார், கொதிக்கிற தண்ணி ரெண்டும் ஆகாது.

காய்கறிக் கத்திக்கு ரெசின் ஓகே. தேங்காய், விறகு வெட்டுற அருவாளுக்கு வெறும் ரெசின் வேண்டாம். அங்கே மரப்பிடிதான் கெத்து!