இசே யாத்திரையும் யப்பானியரின் நாடுகாண் பயணமும்

யப்பான் தேசத்தைச் சுற்றிப் பார்க்கச் செல்வோரை இன்று வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே தடத்திலேயே அழைத்துச் செல்கின்றனர். தோக்கியோ நகரிலே தொடங்கி, நிக்கோவின் பொன்பூசிய கோயில்களைக் கண்டு, ஹக்கோனே மலைச்சாரலில் ஓரிரவு தங்கி, மேற்கே சென்று கியோத்தோ, நாரா என்னும் பழைய தலைநகரங்களையும் இசேத் திருக்கோயிலையும் தரிசித்து மீள்வது அத்தடம். கையிலே சிறு கொடி ஏந்திய வழிகாட்டி முன்னே நடக்க, கூட்டம் பின்னே செல்லும் காட்சியைக் காண்பவர், இவ்வழக்கம் புகையிரதத்தோடு மேனாட்டிலிருந்து வந்திறங்கியது என்று எண்ணுதல் இயல்பே. எனினும் அவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று. வழிகாட்டி, விடுதி ஒப்பந்தம், படங்களோடு கூடிய கையேடு, குறித்த நாளிற் குறித்த இடம் என்னும் ஒழுங்கு ஆகிய யாவும் புகையிரதம் வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டிற் பழகிவிட்டன. அவற்றைப் பழக்கியவர் பிரபுக்களல்லர். வைக்கோற் செருப்பணிந்து கால்நடையாகச் சென்ற உழவரும் கைவினைஞரும் சிறுவணிகருமே. குடிமக்கள் ஊர்விட்டு ஊர் போவதை விரும்பாத ஓர் ஆட்சியின் கீழேயே அவர்கள் இதனைச் செய்தனர் என்பதே வியப்புக்குரியது.

1600ஆம் ஆண்டிலே செக்கிகஹாராப் போரில் வெற்றி பெற்ற தொக்குகாவா இயேயாசு, 1603இல் ஷோகுன் பதவியை ஏற்று எடோ நகரிலிருந்து ஆளத் தொடங்கினார். இன்றைய தோக்கியோவே அக்காலத்து எடோ. அவர் பதவியேற்பதற்கு முன்னரே, 1601இல், எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்கைதோ என்னும் கடற்கரைப் பெருவழியில் தங்குநிலையங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. ஏறக்குறைய 300 மைல் நீளமுடைய அவ்வழியில் நிலையங்கள் 53 அமைந்தன. ஒரு 'ரி', அதாவது ஏறத்தாழ இரண்டரை மைல், தொலைவுக்கு ஒரு மண்மேடு எழுப்பி, அதன்மேல் மரமும் நட்டனர். வழிநெடுக நிழல் தரும் மரங்கள் நின்றன. 1690ஐ அடுத்த ஆண்டுகளில் ஒல்லாந்தரோடு இருமுறை எடோ சென்ற செருமானிய வைத்தியர் கெம்பர், இவ்வழியிற் கண்ட சனநெருக்கம் ஐரோப்பிய நகர வீதிகளையும் விஞ்சியது என்று எழுதியுள்ளார்.

ஆயினும் இவ்வழிகள் மக்களின் உல்லாசத்துக்காக அமைக்கப்பட்டவையல்ல. அரச தூதரும் படையும் விரைந்து செல்வதற்கும், 1635இல் வகுக்கப்பட்ட விதிப்படி டைமியோ எனப்படும் சிற்றரசர்கள் தத்தம் நாட்டுக்கும் எடோவுக்குமிடையே மாறிமாறிப் போய்வருவதற்குமே அவை பயன்பட்டன. சிற்றரசர் ஊர் திரும்பும் காலத்தும் அவர்தம் மனைவி மக்கள் எடோவிலேயே பிணையாக இருத்தல் வேண்டும். அதனாலேயே ஹக்கோனே, அராய் முதலிய இடங்களில் அமைந்த காவற்சாவடிகளில் இரண்டு பொருள்களைப் பற்றியே பெருங்கவலை இருந்தது: எடோவுக்குள் நுழையும் துப்பாக்கி ஒன்று, எடோவிலிருந்து வெளியேறும் பெண் மற்றொன்று. பெண்களுக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டிலுள்ள அடையாளங்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்குச் சாவடியிலே முதிய மாதர் நியமிக்கப்பட்டிருந்தனர்.

உழவர் நிலையும் இதனின் வேறன்று. வரி நெல்லிலே தங்கியிருந்த அரசுக்கு உழவன் வயலிலே நிற்றல் வேண்டும். 1649ஆம் ஆண்டுக்குரியதாகக் கூறப்படும் ஓர் அறிவிப்பு, தேநீரை அதிகம் குடித்துக்கொண்டு, கோயில் பார்ப்பதிலும் மலைக்காட்சி காண்பதிலும் விருப்பங்கொண்டு திரியும் மனைவியைத் தள்ளிவிடும்படி உழவனுக்குப் புத்தி சொல்கிறது. அதனை அவ்வாண்டில் ஷோகுன் அரசே வெளியிட்டது என்பதை ஆராய்ச்சியாளர் இப்போது ஐயுறுகின்றனர். யார் எழுதியதாயினும், தடுக்கவேண்டிய அளவுக்கு அவ்விருப்பம் பெண்களிடத்துப் பரவியிருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.

இத்தகைய கட்டுப்பாட்டிலே ஒரு வாயில் மட்டும் திறந்திருந்தது. அதுவே யாத்திரை. தெய்வத்தை வணங்கச் செல்பவனை மறிப்பது ஆளுவோருக்கும் எளிதன்று. ஊர்த்தலைவரிடமோ, குடும்பம் சார்ந்த பௌத்த விகாரையிலோ சீட்டு வாங்கிக்கொண்டு யாத்திரிகன் புறப்படலாம். செல்லுமிடங்கள் பலவாயினும் அவற்றுள் தலையாயது இசே.

இசேயிலே கோயில்கள் இரண்டு. உட்கோயிலில் உறைபவள் அரச குலத்தின் மூதாயாகப் போற்றப்படும் ஞாயிற்றுத் தெய்வமாகிய அமதெரசு. புறக்கோயிலிற் குடிகொண்ட தொயோவுக்கே, உணவுக்கும் விளைவுக்கும் உரிய தெய்வம். இருபதாண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்திலே புதிய கோயிலை மரத்தாற் கட்டித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்தல் மரபு. 690இல், ஜித்தோ என்னும் பேரரசியின் காலத்தில், முதலில் நிகழ்ந்த அச்சடங்கு, இடைக்காலப் போர்களால் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்து, 2013இல் அறுபத்திரண்டாம் முறையாக நிறைவேறிற்று. தொடக்கத்தில் பேரரசர் தவிர வேறெவரும் இங்கே காணிக்கை செலுத்துதல் ஆகாது. அரசரின் செல்வம் குன்றிய காலத்திலே கோயிலும் வறுமையுற்றது. அப்போதுதான் 'ஒன்ஷி' என்னும் கீழ்நிலைக் குருமார் நாடெங்கும் சென்று குடிமக்களை நாடத் தொடங்கினர்.

இவ்வொன்ஷிகளைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். இன்றைய சுற்றுலா முகவரின் முன்னோர் இவர்களே. தொக்குகாவா காலத்தில் இசேயில் இவர்தம் குடும்பங்கள் பல நூறு இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறித்த ஊர்கள் உரியன. ஆண்டுதோறும் ஒன்ஷியோ அவருடைய முகவரோ அவ்வூர்களுக்குச் சென்று, வீடுதோறும் கோயிலின் காப்புச்சீட்டையும், சிறு கையுறைகளையும், இசேயில் அச்சிட்ட பஞ்சாங்கத்தையும் கொடுப்பர். விதைக்கும் நாளையும் நடும் நாளையும் அறிய விரும்பும் உழவனுக்குப் பஞ்சாங்கத்தினும் மேலான பரிசு யாது? வாங்கிய வீட்டார் நெல்லோ காசோ கொடுப்பர். ஒருநாள் இசேக்கு வருவதாகவும் வாக்களிப்பர். வந்தபோது அவர்கள் தங்குவது அதே ஒன்ஷியின் மாளிகையிலேதான். வாழ்நாளில் உண்டறியாத கடலுணவும் அரிசி மதுவும் அங்கே படைக்கப்பட்டன. தெய்வத்தின் முன் ஆடும் 'ககுரா' நடனம் அவர்கள் பொருட்டு நிகழ்த்தப்பட்டது. இரு கோயில்களையும் சூழவுள்ள சிறு சன்னிதிகளையும் அழைத்துச் சென்று காட்ட ஆளும் கிடைத்தது. செலவு முழுவதும் காணிக்கை என்னும் பெயராலே செலுத்தப்பட்டது.

இதிலே பக்தி எவ்வளவு, வணிகம் எவ்வளவு என்று பிரித்தல் அரிது. ஒன்ஷிகள் தமக்குரிய யாத்திரிகர் தொகுதிகளை உடைமையாகவே கருதி, விற்றும் ஈடுவைத்தும் வந்தனர். புறக்கோயிலைச் சூழ்ந்த யமாதா நகரிலே 1600ஐ அடுத்த ஆண்டுகளில் வழங்கிய கைச்சீட்டுகளே யப்பானின் மிகப் பழைய காகிதப் பணம். இவற்றைக் கொண்டு ஒன்ஷியரை வெறும் தரகர் என்று இகழ்வாரும் உளர். ஆனால் எழுத்தறியாத, தன் மாகாணத்தைத் தாண்டியிராத ஓர் உழவன், முந்நூறு மைலுக்கு அப்பால் தன்னை எதிர்பார்த்து ஒரு வீடு இருக்கிறது என்று அறிந்ததாலேயே துணிந்து புறப்பட்டான். அத்துணிவை ஊட்டியவர் அவர்களே.

பணத்துக்கு வழி செய்தது 'கோ' என்னும் ஊர்ச்சங்கம். நம்மவர் பிடிக்கும் சீட்டை ஓரளவு ஒத்தது இது. உறுப்பினர் எல்லோரும் ஆண்டுதோறும் சிறுதொகை இடுவர். திருவுளச்சீட்டு எடுத்து, பெயர் வந்த சிலரை ஊரின் சார்பாக இசேக்கு அனுப்புவர். போனவர் மற்றையோருக்கும் சேர்த்தே வணங்கிக் காப்புச்சீட்டு கொணர்வர். திரும்பும் நாளில் ஊரார் எல்லைவரை சென்று எதிர்கொள்வர்.

எடோவிலிருந்து புறப்பட்டவர் நிஹொன்பாசி என்னும் பாலத்திலே அடியெடுத்து வைப்பர். சிலர் சிறிது விலகி எனோஷிமாத் தீவுக்குச் சென்று பென்சாய்தென் தேவியை வணங்குவர். கையில் வீணை போன்ற இசைக்கருவியோடு வீற்றிருக்கும் அத்தேவி, பௌத்தத்தோடு கிழக்கே சென்ற நம் சரஸ்வதியே. அப்பால் ஹக்கோனேச் சாவடி. அதனினும் இடர் மிக்கது ஓஇ ஆறு. அரசு அங்கே பாலமும் அமைக்கவில்லை, ஓடமும் விடவில்லை. ஆற்றைக் கடப்போர் சீட்டு வாங்கிச் சுமைகாரரின் தோளிலோ, அவர்கள் தூக்கும் பலகையிலோ ஏறிக் கடக்கவேண்டும். நீர் தொடையளவா, இடையளவா, மார்பளவா என்பதற்கேற்பக் கூலி ஏறும். வெள்ளம் பெருகினால் வழியே அடைபட்டு, யாத்திரிகர் கரையிலுள்ள விடுதிகளிற் காசைக் கரைத்துக்கொண்டு நாட்கணக்காகக் காத்திருப்பர். பின்னர் மியாவிலிருந்து குவானா வரை ஏழு 'ரி' தூரம் கடல்வழிப் பயணம். யொக்கைச்சியைக் கடந்ததும் இசேக்குப் பிரியும் கிளைவழி.

இசேயில் முதலிற் புறக்கோயில், பின்னர் இசுசு ஆற்றைக் கடந்து உட்கோயில் என்பது முறை. இரண்டுக்கும் இடையிலே நாடக அரங்குகளும் ஆடல் மகளிர் விடுதிகளும் நிறைந்த புருயிச்சி என்னும் வீதி இருந்தது. நோன்பைத் துறத்தற்குரிய இடம் என்று யாத்திரிகர் அதனை அறிந்திருந்தனர். தரிசனம் முடிந்ததும் வந்த வழியே ஊர் திரும்பினரோ எனில், இல்லை. கிழக்கு மாகாணங்களின் கிராமத்தார் எழுதிவைத்த பயணக் குறிப்புகள் இன்றும் பல உள. அவை செலவுக் கணக்கும் இடப்பெயரும் நிரம்பியவை. உணர்ச்சிக் கூற்று அரிது. அவற்றின்படி இசேயிற் கழிந்தவை சில நாட்களே. அதன்பின் நாரா, ஒசாக்கா, சிலவேளை கடல் கடந்து கொம்பிரா, பின்னர் கியோத்தோ, மீளும்போது நக்காசென்தோ மலைவழியாகச் சென்கோஜி என இரண்டு மூன்று மாதங்கள் நாட்டையே சுற்றி வந்தனர். சீட்டிலே எழுதியது கோயில். கால் நடந்தது நாடு முழுவதும்.

நூல்களும் இதற்கேற்ப எழுந்தன. அறிஞர் கைபாரா எக்கிக்கென் 1706இல் வெளியிட்ட கியோத்தோ வழிகாட்டி, நகரையும் சுற்றுப்புறத்தையும் பதினேழு நாள் நடைகளாக வகுத்துத் தந்தது. 1780இல் அக்கிசாத்தோ ரித்தோ எழுதி, தக்கெஹாரா ஷுன்சோசாய் படம் வரைந்த கியோத்தோ நூல் ஆறு பகுதிகளாக வந்து மிகுதியாக விற்பனையாயிற்று. பிற மாகாணங்களுக்கும் அதைப் பின்பற்றி நூல்கள் வந்தன. 1804இல் ஒசாக்காவிலே தொடங்கிய 'நனிவா கோ' என்னும் சங்கம், சூதாட்டமும் பரத்தைமையும் இல்லாத விடுதிகளைத் தெரிந்து அவற்றுக்குப் பெயர்ப்பலகை கொடுத்தது. தனியே செல்பவரும் அப்பலகையை நம்பித் தங்கலாம். யாசுமி ரோஅன் 1810இல் எழுதிய பயண நூலோ 61 அறிவுரைகள் கொண்டது. முதல்நாள் மெல்ல நடக்கவேண்டும், விடுதியை அடைந்ததும் திசையையும் வாயில்களையும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றெல்லாம் ஒரு தாய் சொல்வதுபோல அது சொல்கிறது. ஹிரோஷிகே 1833ஐ ஒட்டி வெளியிட்ட தோக்கைதோ ஓவியங்கள், போகமுடியாதவரின் வீட்டுக்கும் அவ்வழியைக் கொண்டுவந்தன.

போகமுடியாதவர் எல்லோரும் ஓவியத்தோடு அமைந்துவிடவில்லை. வேலைக்காரரும் பயிற்சிப் பையன்களும் மருமகள்மாரும் சொல்லாமற் கொள்ளாமல் இசேக்கு ஓடிவிடுவது அக்காலத்து வழக்கம். கோயிற் காப்புச்சீட்டோடு திரும்பியவரைத் தண்டித்தலாகாது என்பது ஊர் மரபாயிற்று. சில ஆண்டுகளில் இது பெருவெள்ளமாகப் பொங்கியது. 1705இல் கியோத்தோப் பகுதியிலே சிறுவர்களோடு எழுந்த அலையில், ஐம்பது நாட்களுள் 36 இலட்சம் பேர் சென்றதாக, இசேக்கு அண்மையிலுள்ள மத்சுசாகாவில் வாழ்ந்த அறிஞர் மோத்தோவோரி நோரினாகா பின்னாளிற் குறித்தார். நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று கோடியாக இருந்த காலம் அது. 1771இலும் 1830இலும் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. 1830இல் அகப்பை ஒன்றைக் கையிலேந்திப் பலர் சென்றனர். காசில்லாத அவர்களுக்கு வழியிலுள்ளோர் சோறும் செருப்பும் தங்க இடமும் கொடுத்தனர். தலைவர்க்குப் பதிலாகக் கழுத்திலே காசு கட்டிய நாய்கள் போய்வந்ததும் உண்டு. இத்திரளைச் சாவடிகள் என் செய்யும்? ஒவ்வொரு சீட்டாக வாங்கிப் பார்த்த அதிகாரிகள், அலை வந்தபோது கதவைத் திறந்துவிட்டு நிற்கவே நேர்ந்தது. ஆண்டுக்காண்டு அடக்கி வைத்த ஆசை, கணக்குப் பார்த்துப் புறப்பட்டதுபோல் வெளிப்பட்டது.

1868இல் ஆட்சி மாறியது. மறுவருடம் காவற்சாவடிகள் நீக்கப்பட்டன. 1871இல் புதிய அரசு, இசேத் திருக்கோயிலை அரசின் கோயிலாக்கும் நோக்கோடு ஒன்ஷிப் பதவியையே ஒழித்தது. பல தலைமுறைகளாக யாத்திரிகரை வரவேற்ற குடும்பங்கள் ஒரே ஆணையால் தம் தொழிலை இழந்தன. அவர்தம் மாளிகைகள் பல அழிந்துபோயின. சிலர் விடுதி நடத்தினர். 1872இல் தோக்கியோவுக்கும் யொக்கொகாமாவுக்குமிடையே முதற் புகையிரதம் ஓடிற்று. 1889இல் தோக்கைதோப் பாதை கோபே வரை நிறைவுற்றது.

அந்நாட்களில் கட்டுண்டவர் அயல்நாட்டாரே. உடன்படிக்கைத் துறைமுகத்திலிருந்து பத்து 'ரி' தொலைவுக்கு அப்பால் அவர்கள் செல்ல உள்நாட்டு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. 1878இல் இதோ என்னும் இளைஞனை வழிகாட்டியாகக் கொண்டு வடக்கே சென்ற ஆங்கிலப் பெண்மணி இசபெல்லா பேட் அம்மையாரும் அத்தகைய சீட்டோடுதான் சென்றார். 1899இற்றான் அக்கட்டுப்பாடு நீங்கியது.

1905இல், குசாத்சுப் புகையிரத நிலையத்தில் உணவு விற்று வந்த மினாமி ஷின்சுகே என்பவர், ஏறக்குறைய நூறு பேரைச் சேர்த்துக் கோயா மலைக்கும் இசேக்கும் அழைத்துச் சென்றார். 1908இல் ஒரு புகைவண்டி முழுவதையும் வாடகைக்கு அமர்த்தி, ஏறத்தாழ 900 பேரை ஏழு நாட் பயணமாகச் சென்கோஜிக்குக் கொண்டுபோனார். யப்பானின் முதற் சுற்றுலா நிறுவனம் இவ்வாறு தோன்றிற்று. அவர் கூட்டிச் சென்ற இடங்களின் பெயர்களை அந்த யாத்திரிகரின் பாட்டன்மார் நடந்தே அறிந்திருந்தனர்.

1964ஆம் ஆண்டு ஒக்தோபர் 1ஆம் நாள் தொடங்கிய விரைவுப் புகையிரதம் ஓஇ ஆற்றைச் சில விநாடிகளிற் கடந்துவிடுகிறது. கரையிலே சுமைகாரர் நின்ற இடம் பழஞ்சின்னமாகப் பேணப்படுகின்றது. ஹக்கோனேச் சாவடியும் 2007இல் பழைய வடிவிலேயே மீளக் கட்டி முடிக்கப்பட்டது. துப்பாக்கியையும் பெண்களையும் தேடிய அவ்வாயிலிலே இப்பொழுது வழிகாட்டிகள் தம் கூட்டத்தை நிறுத்திக் கதை சொல்கின்றனர். உள்ளே போகச் சீட்டு வேண்டும், காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும்.