டிக்கெட் விலையும் கேட்போர் சமத்துவமும்: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைத் தொழில்வட்டத்திலிருந்து ஒரு பார்வை

பெரிய நடிகரின் தமிழ்ப் படம் வெளியாகும் நாளில் பெங்களூரு ரசிகர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் தியேட்டர்களுக்கு வருவது நெடுநாள் வழக்கம். பைக்கில் வருவார்கள், நாலைந்து பேர் சேர்ந்து கார் பிடித்தும் வருவார்கள். முதல் காட்சியின் ஆரவாரம் ஒரு காரணம் என்றால் டிக்கெட் விலை இன்னொரு காரணம். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் திரையரங்குக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கிறது. 2017 அக்டோபரில் மல்டிப்ளெக்ஸ்களுக்கு அது வரி நீங்கலாக 150 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. கர்நாடகத்தில் 2025 செப்டம்பரில் 200 ரூபாய் வரம்பு அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

மேடை இசை என்று வந்தால் பயணத்தின் திசை மாறுகிறது. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளிப் பகுதி இளைஞர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள். 2024 டிசம்பரில் தில்ஜித் தோசாஞ்சும் பிரையன் ஆடம்ஸும் அங்கே பாடினார்கள். 2025 பிப்ரவரி 8, 9 தேதிகளில் எட் ஷீரன் பாடினார். அந்த டிக்கெட்டுகளுக்கு எல்லையின் எந்தப் பக்கத்திலும் உச்சவரம்பு கிடையாது. எதிரெதிர்த் திசையில் நடக்கும் இந்த இரண்டு பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டண உயர்வின் முழுப்பொருளும் பிடிபடும் என்பது என் வாதம்.

சினிமா டிக்கெட்டுக்கு அரசு ஏன் வரம்பு வைத்தது என்பதற்கு நிர்வாகக் காரணங்கள் பல சொல்லலாம். பண்பாட்டுக் காரணத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் நூலில் சுட்டியிருக்கிறார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைவெளி சினிமாக் கொட்டகைதான். அங்கே ஒருவர் உட்காரும் இடத்தை அவர் பிறந்த குலம் தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது என்பது அவருடைய கருத்தின் சாரம். தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி என்ற படிநிலை அங்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இருந்த இடைவெளி சில அணாக்கள். சம்பள நாளில் தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறிவிடலாம். டிக்கெட் தந்த சமத்துவம் முழுக்க முழுக்க அந்த இடைவெளியின் சிறுமையைப் பொறுத்தே இருந்தது. இடைவெளி பெருகினால் பழைய படிநிலை காசின் வடிவில் திரும்பி வரும்.

இந்த வட்டாரத்தில் டிக்கெட் இல்லாத இசைக்குக் குறைவிருந்ததில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வரி போட்டு அந்தச் செலவைச் சமாளிப்பார்கள். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயிலின் பங்குனித் தேர் எல்லையின் இரு பக்கத்து மக்களையும் கூட்டும் விழா. மாரியம்மன் பண்டிகைகளுக்கு மெல்லிசைக் குழுவை உபயதாரர் வரவழைப்பார். கட்சி மேடையும் கச்சேரி மேடையாக இருந்த காலம் உண்டு. பாவலர் வரதராஜன் தம் தம்பிமாரோடு பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களில் பாடியதும், நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்கவே திராவிட இயக்க மாநாட்டுப் பந்தல் நிறைந்ததும் அப்படித்தான். பாடகருக்குக் கூலி கிடைத்தது, ஆனால் கேட்டவரிடம் யாரும் காசு வாங்கவில்லை.

இதைப் பொற்காலமாக வரைய எனக்கு மனம் வரவில்லை. தேர் எல்லாத் தெருவுக்கும் போனதில்லை. ஊர் வரி எல்லோரிடமும் வாங்கப்படவில்லை. வாங்க மறுப்பதே விலக்கிவைப்பதற்கு ஒரு வழியாக இருந்தது. கூத்துக்களத்தில் யார் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே எல்லோரும் அறிந்திருந்தார்கள். அந்த விலக்கலுக்கு எதிரில் வைத்துப் பார்க்கும்போது டிக்கெட் ஒரு விடுதலைக் கருவி. ஆகவே டிக்கெட்டே கூடாது என்பது என் நிலைப்பாடாக இருக்க முடியாது. டிக்கெட் செய்த நன்மையை விலை உயர்வு திருப்பிப் பறித்துக்கொள்கிறது என்பதே குறை.

விலை ஏன் ஏறுகிறது என்பதற்குப் பொருளியலில் இரண்டு விளக்கங்கள் முக்கியமானவை. வில்லியம் பௌமலும் வில்லியம் போவனும் 1966இல் சொன்னது ஒன்று. ஆலையில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருளின் அளவு பெருகிக்கொண்டே போகிறது; நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றும் நால்வர் தேவை. ஊதியம் மட்டும் மற்றத் துறைகளோடு சேர்ந்து ஏறுவதால் நிகழ்கலையின் செலவு என்றென்றும் ஏறுமுகம். கைக்கடிகாரமும் இருசக்கர வண்டியும் செய்யும் ஓசூரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆலன் க்ரூகர் 2019இல் வெளியிட்ட நூலில் தருவது இரண்டாவது விளக்கம். இசைத்தட்டு, குறுந்தகடு விற்ற காலத்தில் மேடை நிகழ்ச்சி அவற்றுக்கு விளம்பரமாக இருந்தது. பதிவிசையின் வருமானம் சரிந்த பிறகு கலைஞர்கள் மேடையையே முதன்மை வருவாயாகக் கொள்ள வேண்டியதாயிற்று.

இவற்றின் மேல் வரியும் வந்து சேர்கிறது. நபருக்கு 500 ரூபாய்க்கு மேற்பட்ட நிகழ்ச்சிக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. தமிழக அரசு 2024 டிசம்பரில் உள்ளாட்சி அமைப்புகளின் கேளிக்கை வரிச் சட்டத்தைத் திருத்தி, கட்டணம் வாங்கி நடத்தும் இசை நிகழ்ச்சிகளுக்கும் 10 விழுக்காடு வரி விதிக்க வழிசெய்தது.

இந்தக் காரணங்கள் எல்லாம் விலை ஏறுவதை விளக்கும். விலை இவ்வளவு விரிந்து கிடப்பதை விளக்கப் போதா. 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிக்குக் குறைந்தபட்ச டிக்கெட் 2,500 ரூபாய், உயர்ந்தபட்சம் 35,000 ரூபாய். பதினான்கு மடங்கு வேறுபாடு! 2024 செப்டம்பர் 22, ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு விற்பனை திறந்தபோது ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் முயன்றதாகச் செய்தி வந்தது. சில மணி நேரத்தில் அதே டிக்கெட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் லட்சங்களுக்கு ஏறின. அடுத்த மாதம் அமலாக்கத் துறை பெங்களூரு உட்பட ஐந்து நகரங்களில் சோதனை நடத்தியது. தில்ஜித் தோசாஞ்ச் பயணத்தின் டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ஒரு வங்கிக் கடனட்டை வைத்திருந்தவர்களுக்கு முன்கூட்டியே திறக்கப்பட்டன.

இந்த விற்பனை முறையை ஓசூர் சிப்காட்டின் ஒரு பயிற்சித் தொழிலாளி இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆலைத்தளத்துக்குள் செல்போன் கொண்டுபோக விடாத தொழிற்சாலைகள் பல. வாசலில் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனால் ஷிப்ட் முடிந்துதான் கையில் எடுக்க முடியும். விற்பனை வேலைநாளின் நண்பகலில் திறந்தால் முதல் ஷிப்டில் இருப்பவர் வரிசையிலேயே நிற்க முடியாது. கடனட்டையும் அவரிடம் இருக்காது. 2019இல் திருத்தப்பட்ட பயிற்சியாளர் விதிகளின்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். 2,500 ரூபாய் டிக்கெட் என்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டிப்ளமோ முடித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று விதி சொல்கிறது. கணக்கு பெரிதாக மாறிவிடாது.

டிக்கெட்டில் அச்சிட்ட விலையோடு செலவு முடிவதுமில்லை. எட் ஷீரன் பாடிய நைஸ் மைதானம் தும்கூர் சாலையில், பெங்களூருக்கு வடமேற்கே மாதவராவில் இருக்கிறது. ஓசூர் இருப்பது தென்கிழக்கில். நைஸ் சாலை வழியாகப் போனாலும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வழியெல்லாம் சுங்கம். அந்தச் சாலையில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை இருசக்கர வண்டிகள் செல்லக் கூடாது என்று பெங்களூருப் போக்குவரத்துக் காவல்துறை 2022 ஜனவரியில் தடை விதித்தது. கச்சேரி முடியும் நேரத்துக்கு டிவிஎஸ் வண்டியில் வந்தவர் ஊருக்குள் புகுந்து சில்க் போர்டு வழியாகத்தான் ஓசூர் சாலையைப் பிடிக்க வேண்டும். வண்டி இல்லாதவர் வாடகைக் காருக்கு டிக்கெட் அளவுக்கே கொடுக்கவும் நேரலாம், அல்லது விடியும்வரை பேருந்து நிலையத்தில் காத்திருக்கலாம். மறுநாள் முதல் ஷிப்ட் என்றால் ஒரு நாள் ஊதியமும் போயிற்று. பெண் தொழிலாளர் விடுதிகளில் இரவு வாசல் மூடும் நேரம் என்று ஒன்று உண்டு. அங்கே தங்கியிருக்கும் பெண்ணுக்கு எந்த விலையிலும் இந்த நிகழ்ச்சி எட்டாது.

2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் இதில் ஒரு நல்ல மாற்றம். மாதவராவில் பச்சைத் தடம் ஏறி, ஆர்.வி. சாலையில் மாறி, பொம்மசந்திராவில் இறங்கலாம். அங்கிருந்து ஓசூர் பேருந்து தூரம். அதை ஓசூர் வரை நீட்டுவது பற்றி ஆய்வு நடந்திருக்கிறது. இசைக் கட்டணம் பற்றிய கட்டுரையில் மெட்ரோவுக்கு என்ன வேலை என்று கேட்பவருக்கு என் பதில், இங்கே ரசிகர் கொடுக்கும் விலையில் பாதி சாலையில்தான் கழிகிறது என்பது.

மைதானத்துக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் வெள்ளி, தங்கம், வைரம், பிளாட்டினம் என்று பகுதிகள் பிரிக்கப்பட்டிருந்தன. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை. உள்ளே போனவர்கள் நெரிசலில் சிக்கினார்கள். ரகுமான் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். மாட்டுத்தொழுவம் போலத் தட்டிகளால் அடைத்து, ஒவ்வோர் அடைப்புக்கும் ஒரு விலையுயர்ந்த பொருளின் பெயர் சூட்டி, மேடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதை ரூபாயில் அளந்திருக்கிறோம். கூத்துக்களத்தில் சொல்லாமல் அறியப்பட்ட இடம் இங்கே மணிக்கட்டில் வண்ணப் பட்டையாகக் கட்டப்படுகிறது.

தேவை இருக்கிறது, விலை ஏறுகிறது, இதில் அநீதி எங்கே என்பது சந்தை சார்ந்தவர்களின் மறுப்பு. வலுவான மறுப்புதான். அதனால்தான் சினிமாவைப் போல இங்கும் உச்சவரம்பு வைத்துவிடலாம் என்ற எளிய தீர்வை நான் ஏற்கவில்லை. ஒரே படத்தை ஆயிரம் திரையில் ஓட்டலாம். ஒரே இரவில் ஒரு பாடகர் ஒரு மேடையில்தான் நிற்க முடியும். வரம்பு வைத்தால் வித்தியாசத் தொகை கள்ளச்சந்தைக்குப் போகும். மறுவிற்பனையை அச்சிட்ட விலைக்கு மேல் செல்லாமல் தடுப்பது அவசியம், ஆனால் அது போதாது. 2,500 ரூபாய் கறாராக 2,500 ரூபாயாகவே இருந்தாலும் 7,000 ரூபாய்க்காரர் வெளியேதான் நிற்பார்.

கட்டணமில்லாத மேடை என்றால் திரளும் கூட்டம் பற்றிய அச்சமும் நியாயமானது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் நெரிசலில் இறந்ததைப் பார்த்த நகரம், இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சும். அதே ஆண்டு பிப்ரவரியில் சர்ச் தெருவில் எட் ஷீரன் நடைபாதையில் நின்று பாடத் தொடங்கியபோது காவலர் மைக்கின் ஒயரைப் பிடுங்கியதும் இதே நகரத்தில்தான். ஆனால் பனையூரில் எல்லாமே கட்டண டிக்கெட், அங்கும் நெரிசல் வந்தது. கூட்டத்தை அபாயமாக்குவது மேடைகளின் பற்றாக்குறை. ஐம்பது இடங்களில் ஐநூறு பேர் வீதம் கேட்கக் கூடியதை ஒரே திடலில் ஒரே இரவில் குவிப்பதால் வரும் ஆபத்து அது.

ஆகவே எல்லையோரத்தின் கேள்வி, மேடை ஏன் இந்தப் பக்கம் இல்லை என்பதுதான். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஐம்பதாண்டுக்கு அருகில் தொழில் வளர்ந்த ஊர் ஓசூர். 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தெருவில் புழங்குகின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் மொழிகளும் சேர்ந்துவிட்டன. இவர்களில் பெரும்பாலோர் எந்த ஊர் வரிப் பட்டியலிலும் இல்லாதவர்கள். கோயில் பண்டிகை அவர்களை உபசரிக்கலாம், உரிமையாளராக்காது. கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியின் மாலை நிகழ்ச்சிகள்தான் ஊர், சாதி, கடனட்டை எதுவும் கேட்காமல் மாவட்டத்தார் பலர் கூடும் அரங்கம். அது ஆண்டில் ஒரு பருவம் மட்டுமே.

சென்னையில் 2007இல் தொடங்கி, 2023இல் மீண்டும் உயிர்பெற்ற சென்னை சங்கமம், பூங்காவிலும் தெருவிலும் கட்டணமின்றி இசை கேட்க முடியும் என்று காட்டியிருக்கிறது. பெங்களூரு சாமராஜ்பேட்டையில் ராமசேவா மண்டலி 1939 முதல் ராமநவமி இசைவிழாவை நடத்திவருகிறது. நன்கொடையும் டிக்கெட்டும் சேர்ந்தால் ஒரு பந்தல் தலைமுறைகளைத் தாண்டும் என்பதற்கு அது சான்று. சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொழில்முறை சாராத மன்றம் கட்டணம் செலுத்தாத அவையினர் முன் ஒரு படைப்பை நிகழ்த்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஓசூர் ஆலைகளின் தொழிலாளர் மன்றங்களும் கல்லூரி இசைக்குழுக்களும் இந்தப் பிரிவைப் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை அந்தக் கேளிக்கை வரியிலேயே இருக்கிறது. வாங்குபவை உள்ளாட்சி அமைப்புகள். இசையின் மேல் வாங்கும் வரியை இசை மேடைக்கே செலவிட வேண்டும் என்று மன்றத் தீர்மானம் போடலாம். ஆலை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் கலையும் பண்பாடும் அனுமதிக்கப்பட்ட இனங்கள் என்பதை 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. சிப்காட் வளாகத்தை ஒட்டி, பெண்கள் விடுதிக்கு நடந்து திரும்பும் தூரத்தில், ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடியும் ஒரு மேடை வேண்டும். பம்பைக்காரரும், பாரதக் கூத்து ஆசிரியரும், பெங்களூரு ராக் குழுவும் அதில் உரிய ஊதியம் பெற்று மாறி மாறி ஏற வேண்டும். மாநகராட்சியின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தனித் தலைப்பு திறக்கும்படி கேட்பதற்குத் தொழிற்சங்கங்களுக்கு இப்போதே உரிமை இருக்கிறது.